அசையாத பிள்ளைகள்

குளிர்ந்த மருந்தைப் பிள்ளைகளின் உடம்பில் ஏற்றக் கூடாது. அந்த நல்ல பழக்கத்தை எங்கள் ஸ்கேன் நிலையத்தில் தொடக்கிவைத்தவன் நான். முதலில் மருந்துப் போத்தலைச் சுடுதண்ணீருக்குள் இறக்கிவைப்பேன். பிறகு உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பேன். உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகுதான் சிரிஞ்சில் எடுப்பேன். குளிர்ந்த மருந்து தடித்துப்போய், மெல்லிய நரம்புக்குள் போகச் சண்டித்தனம் பண்ணும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என்னை விசாரிக்கும் உங்களுக்கு முதலில் இது தெரிந்திருக்கட்டும்.

எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். பெயர் பாக்கியரத்தினம். வயது நாற்பத்தெட்டு. திருகோணமலையில் துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில் இருக்கும் அந்த நிலையத்தில் சி.ரி. ஸ்கேன் எடுப்பவன். ‘எடுத்தவன்’ என்று எழுத எனக்கு மனமில்லை. இன்று காலையிலும் நான்கு பேருக்கு எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எல்லாம் நல்ல படங்கள்.

வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் ஸ்கேனில் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஈரல் எது, ஈரலில் வளர்ந்த கட்டி எது என்று பிரித்துக்காட்ட நரம்பில் ஒரு மருந்து ஏற்ற வேண்டும். நாங்கள் அதை டை என்போம். பெயர்தான் டை, பார்வைக்கு வெறும் தண்ணீர்போல இருக்கும். அதை ஏற்ற இரண்டு வழி உண்டு. ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் நின்று கையால் சிரிஞ்சை அழுத்தலாம். இல்லாவிட்டால் இன்ஜெக்டர் மெஷினில் சிரிஞ்சைப் பூட்டிவிட்டு, எல்லாரும் வெளியே வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பொத்தானை அமத்தலாம். விநாடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால் மெஷின் அவ்வளவைத்தான் தள்ளும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

பத்து வயதுக்குக் கீழே கையால் மட்டுமே என்பது பொறுப்பு டொக்டரின் கட்டளை. அவர் கிழமைக்கு இரண்டு நாள் வந்துபோகிறவர். கட்டளை போடுவதற்கு இரண்டு நாள் தாராளம்.

கையால் ஏற்றுவதற்கு ஸுல்பிகா என்ற தாதி இருந்தார். கிண்ணியாவைச் சேர்ந்தவர். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் கடலைக் கடந்து காலையில் வருவார், பின்னேரம் அதே பாதையில் திரும்புவார். நல்ல கைக்காரி, அதை நான் மறுக்கவில்லை. எந்தப் பிள்ளையின் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவார். ஆனால் மருந்தை அழுத்தி முடித்து, அந்தப் பாரமான ஈயக் கவசத்தோடு அவர் கதவுக்கு வெளியே வர ஒன்பது விநாடி எடுக்கும். ஒருநாள் பதினான்கு எடுத்தது. ஈரலுக்குள் மருந்து பாய்ந்து கட்டி பளிச்சென்று தெரிகிற நேரமே சில விநாடிதான். அவர் கதவைச் சாத்துவதற்குள் அது கடந்துவிடும். அவர் கையால் ஏற்றிய படங்கள் மோசம் என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் படங்களைப் பார்க்க எனக்குத்தான் வயிறு எரிந்தது. அதைவிட நல்ல படம் எடுக்கிற மெஷின் பக்கத்திலேயே துணி மூடிக் கிடந்தது.

அவரிடம் இதைச் சொல்லியும் பார்த்தேன்.

“சேர், மெசினுக்குச் சின்னப் புள்ளையள்ர நரம்பு தாங்காது. உள்ளுக்கு வெடிச்சா எண்ட பெருவிரலுக்கு உடன விளங்கும், நான் நிப்பாட்டிருவன். மெசினுக்கு என்ன விளங்கும்?” என்றார்.

“மெசினுக்கு நேரம் விளங்கும்” என்றேன்.

“நரம்பு வெடிச்சா?”

“பிள்ளை கத்தும்தானே. கத்தினா நிப்பாட்டலாம்.”

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மெஷினுக்குப் பிள்ளை அசையாமல் கிடக்க வேண்டும். உண்மையான தடை அதுதான். கொழும்பில் பிள்ளைகளைத் தூங்கவைத்து எடுப்பார்கள். எங்களிடம் மயக்க மருந்து டொக்டர் இல்லை. நகரத்துப் பிள்ளைகள் மேசையைக் கண்டதும் ஊரையே கூப்பிடுவதுபோல அலறுவார்கள். இரண்டு பேர் பிடித்தாலும் படம் கலங்கிவிடும்.

இரண்டாயிரத்து ஏழு ஆனி மாதம் ஒரு காலையில் அதற்கு வழி தானாக வந்தது. வெருகல் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்த ஒரு பெண்பிள்ளை மேசையில் கிடந்தாள். ஐந்து வயதிருக்கும். ஸுல்பிகா மருந்தை ஏற்றிவிட்டு வெளியே வந்த நேரத்தில் துறைமுகப் பக்கம் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. பயிற்சியாக இருக்கலாம், நகரத்தில் நாங்கள் அதற்கெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் மேசையில் இருந்த பிள்ளை ஒரு பலகையைப் போலாகிவிட்டாள். காதில் அதிர்ச்சி ஏறாமல் இருக்க வாயை மட்டும் திறந்துவைத்திருந்தாள். யாரோ அவளுக்கு அதைப் பழக்கியிருக்கிறார்கள். மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. அன்று அவளுடைய படம் துளி கலக்கமில்லாமல் வந்தது.

அதன்பிறகு நான் வெடிச்சத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை.

ஸுல்பிகா இல்லாத பின்னேரங்களில் மெஷினின் துணியைக் கழற்றினேன். மெல்லிய ஊசியென்றால் அழுத்தம் கூடி மெஷின் தானாக நின்றுவிடும். அப்படி நின்றுகொண்டேயிருந்தால் வேலை நடக்காது, ஆகவே அந்த அழுத்த எல்லையை உயர்த்திவைத்தேன். ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன். கையால் இருபத்து மூன்று பிள்ளைகள், மெஷினால் பதினான்கு. தாய்மாரிடம் கேட்டீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள். எந்தச் சிரிஞ்சு பாவிப்பது என்று யாராவது தாய்மாரிடம் கேட்பார்களா? அந்தப் பதினான்கில் நகரத்துப் பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று நீங்கள் ஏதோ கண்டுபிடித்துவிட்டதுபோலச் சொன்னீர்கள். கண்டுபிடிக்க அதில் ஒன்றுமில்லை. முகாம் பிள்ளைகளுக்குத்தான் அசையாமல் கிடக்கத் தெரியும். வெருகல், மூதூர், தோப்பூர் என்று நான் ஊர் பார்க்கவில்லை, சாதி சமயமும் பார்க்கவில்லை. அந்த விடயத்தில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்று பேருக்குக் கை வீங்கியது. ஐஸ் வைத்தேன், வடிந்துவிட்டது. அதையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன். மறைப்பவன் எழுதுவானா?

பதினான்காவது பிள்ளைதான் நிரோசினி.

புரட்டாதி மாதம், ஒரு வியாழக்கிழமை. தாய் ஞானமணி அவளை மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை, பதினேழு கிலோ. வலது விலாவுக்குக் கீழே ஒரு மண்முட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல வீக்கம். ஈரலில் கட்டி என்று சந்தேகம். இப்படியொரு பிள்ளைக்காகத்தான் நான் இவ்வளவு காலம் கையைப் பழக்கிவைத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். அன்று எனக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.

ஸுல்பிகா பிள்ளையின் வலது புறங்கையில் ஊசியை ஏற்றி, பிளாஸ்டர் ஒட்டி, அந்தப் பிளாஸ்டரிலேயே பேனையால் ‘கையால் மட்டும்’ என்று எழுதினார். நான் பார்க்கத்தான் எழுதினார். நான் வெளியே போய்விட்டு வந்து, “மிஸ், பாதை இண்டைக்கு மூண்டு மணியோட நிக்குமாம். சென்றியில ஆமி சொல்லுறாங்கள்” என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை.

“அப்ப இந்தப் புள்ளை?”

“பொறுப்பு டொக்டர் வந்துகொண்டிருக்கிறார். அவர் கையால ஏத்துவார். நீங்க போங்க, பாதை போனா ராவைக்கு எங்க நிப்பீங்க?”

டொக்டரும் வரவில்லை. அன்று அவர் வருகிற நாளே இல்லை. ஸுல்பிகா பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார் என்று நினைவு.

தாயை வெளியே வாங்கில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். மற்றப் பதின்மூன்று பேருக்கும் சொன்னதைத்தான் இந்தப் பிள்ளைக்கும் சொன்னேன். குனிந்து, காதோடு, அன்பாகத்தான் சொன்னேன்.

“மகள், இது பங்கர். இப்ப மேல கிபீர் பிளேன் சுத்தப்போகுது, இரைச்சல் கேக்கும். நீ அசைஞ்சாலோ சத்தம் போட்டாலோ அம்மாக்கு மேலதான் குண்டு விழும். அம்மா வெளியில நிக்கிறா. நான் ‘போயிற்று’ எண்டு சொல்லுமட்டும் அப்படியே கிடக்கவேணும். சரியா?”

“ஓம்” என்றாள்.

இதை நான் வாயால் சொன்னபோது நீங்கள் பேனையைக் கீழே வைத்ததைக் கண்டேன். தூக்க மருந்து கொடுத்தால் சில பிள்ளைகளுக்கு மூச்சு நின்றுபோகிறது. நான் கொடுத்தது வெறும் சொல். சொல் கேட்டு எந்தப் பிள்ளைக்கும் மூச்சு நிற்கவில்லை. அவர்கள் எத்தனையோ தரம் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தவர்கள்தான். நான் புதிதாக எதையும் அவர்களுக்குப் பழக்கவில்லை.

முப்பத்துநான்கு மில்லி லீற்றர், விநாடிக்கு இரண்டு. ஸ்கேன் மெஷின் இரைந்து சுழலத் தொடங்கியதும் நிரோசினி வாயைத் திறந்தாள், கண்ணை மூடவில்லை. பொத்தானை அமத்தினேன். முதல் படங்கள் வந்தன. எல்லாம் சாம்பல். மருந்து ஈரலுக்குப் போகவில்லை. நரம்பு வெடித்து, மருந்து கைச் சதைக்குள் இறங்கிவிட்டது.

இந்த இடத்தில் வேறு எவனும் பயந்துபோய்ப் பிள்ளையை இறக்கியிருப்பான். லோஞ்சில் வந்த பயணம் வீண், பிறகு ஒரு மாதத்துக்கு வரமாட்டார்கள், கட்டி வளரும். நான் உள்ளே போனேன். வலது கை மெஷினுக்கு வேண்டாம் என்பதால் அதைத் துணியால் மூடினேன். இடது முழங்கை மடிப்பில் நானே ஊசி ஏற்றினேன், இரண்டாவது குத்தில் பிடித்தது. பிள்ளை அப்படியே கிடந்தாள். நான்தான் இன்னும் ‘போயிற்று’ என்று சொல்லவில்லையே. திரும்பவும் முப்பத்துநான்கு மில்லி லீற்றர், திரும்பவும் விநாடிக்கு இரண்டு.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டியின் ஓரம் முழுவதும், அதற்குள் போகும் ஒவ்வொரு குழாயும், வெள்ளி இழைபோலத் தெரிகிறது. எங்கள் பழைய மெஷினில் அப்படியொரு படம் வரும் என்று அதைச் செய்தவன்கூட நம்பமாட்டான். நான் கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே போனபோது பிள்ளை இன்னும் வாயைத் திறந்தபடி கிடந்தாள். “போயிற்று” என்றேன்.

“அம்மா இருக்கிறாவா?” என்று கேட்டாள்.

“இருக்கிறா” என்றேன். அது உண்மைதானே.

வலது கை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை உருண்டு, தோல் பளபளவென்று மின்னியது. இப்படி வீங்கினால் சில மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை டொக்டரிடம் காட்டி, தோலைக் கீறி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரியும் பத்து நிமிட நடைதான். அங்கே கொண்டுபோனால் யார் ஏற்றியது, எதனால் ஏற்றியது என்று கேட்பார்கள், மெஷினைத் தொடாதே என்பார்கள். பிறகு எத்தனை பிள்ளைகளுக்கு நல்ல படம் இல்லாமற் போகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் அந்தப் பிளாஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பண்டேஜ் எடுத்து இறுக்கமாகக் கட்டினேன்.

ஞானமணி கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். “ஐயா, விரல் நீலமா இருக்கே?”

“அது மருந்தின்ர நிறம். நாளைக்குப் போயிரும்.”

“பிள்ளைக்கு நோகுதுபோல இருக்கு, கதைக்கிறாளில்லை.”

“களைப்பு. கட்டை மட்டும் அவிழ்க்க வேண்டாம், ரெண்டு நாளைக்கு” என்றேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டு லோஞ்சுக்குப் போனாள். நான் சொன்னபடியே இரண்டு நாள் கட்டை அவிழ்க்கவில்லை. சொல் கேட்கிற மனிசி. மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது கையைக் காப்பாற்ற முடியவில்லை, முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஸ்கேன் எடுத்த அன்றைக்கே பதிவேட்டில் எழுதியிருந்தேன்: ‘டை கையால் ஏற்றப்பட்டது. ஏற்றியவர் தாதி ஸுல்பிகா.’ பத்து வயதுக்குக் கீழே வேறெப்படியும் எழுத வழியில்லை, கட்டளை அப்படி. மற்றப் பதின்மூன்றையும் அப்படித்தான் எழுதினேன். விசாரணை வைத்தார்கள். பதிவேட்டைப் பார்த்தார்கள். வலது கையில் ஊசியைக் குத்தியது தான்தான் என்று ஸுல்பிகாவே ஒப்புக்கொண்டார். மருந்து ஏற்றும்போது தான் அங்கே இல்லை என்று அவர் சொன்னதை, பதிவேட்டுக்கு மேல் யாரும் நம்பவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தாதித் தொழிலையே இனிச் செய்ய ஏலாது என்று எழுதிவிட்டார்கள்.

போகும்போது என் அறைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

“சேர், அந்த நேரம் நான் பாதையில நிண்டனான். உங்களுக்குத் தெரியும்தானே.”

“தெரியும்.”

“அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்களன். புள்ளைர கையை நான்தான் பழுதாக்கினன் எண்டு அந்தத் தாய் நினைக்கிறா. வேலை போனாப் போகட்டும், எனக்கு அதுதான் ஏலாம இரிக்கி.”

நான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். இந்த மாவட்டத்தில் அந்த மெஷினைத் தெரிந்தவன் நான் ஒருவன். தாதிமார் பலர் இருக்கிறார்கள். ஒருவர் போகத்தான் வேண்டுமென்றால் யார் போவது நியாயம்? அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். நான் சொன்னதில் இன்றைக்கும் பிழை தெரியவில்லை.

நிரோசினியைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். என் படத்தை வைத்துத்தான் அங்கே கட்டியை வெட்டினார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், இடது கையால் எழுதுகிறாளாம். கையால் ஏற்றிய சாதாரணப் படமே தனக்குப் போதுமாயிருந்திருக்கும் என்று அங்கே கட்டியை வெட்டிய நிபுணர் உங்களிடம் சொன்னாராம். கையில் நல்ல படம் இருக்கிறவருக்கு அப்படிச் சொல்வது சுலபம்.

இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இரண்டாயிரத்து ஒன்பதில் ஏன் நானாகவே வந்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். மனச்சாட்சி என்று எழுதிக்கொள்ள ஆசைப்பட்டீர்கள் போல இருக்கிறது. அப்படி எழுத வேண்டாம். போன மாதம் கொழும்பிலிருந்து எங்கள் நிலையத்துக்கு ஒரு சிறிய புத்தகம் வந்தது. பிள்ளைகளுக்கு டை ஏற்றும் முறைகள் பற்றிப் பயிற்சிக்காக அச்சடித்தது. எட்டாம் பக்கத்தில் நான் எடுத்த நிரோசினியின் ஈரல் படம். அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறார்கள்: ‘மெஷின் இல்லாமல், கையால் மட்டுமே ஏற்றி எடுத்தது. அனுபவமுள்ள ஒரு தாதியின் பெருவிரல் இருந்தால் பிள்ளைகளுக்கு இன்ஜெக்டர் தேவையில்லை என்பதற்கு இது சான்று.’

பதிவேட்டில் நான் எழுதியதை அப்படியே நம்பியிருக்கிறார்கள். மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. அந்தப் படத்தில் ஸுல்பிகாவின் விரல் படவே இல்லை. அவர் பாதையில் நின்றார், நானே சாட்சி. அது மெஷின், இடது கை, விநாடிக்கு இரண்டு மில்லி லீற்றர், ஏற்றியவன் பாக்கியரத்தினம். பதிவேடு பொய். அவரை வேலைக்குத் திரும்ப எடுப்பதென்றால் எடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எட்டாம் பக்கத்தைத் திருத்த வேண்டும். என்னை எங்கே கொண்டுபோவதென்றாலும் அதைத் திருத்திவிட்டுக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் அதைத் தாண்டி எழுதிவிட்டேன். முதல் தடவை வலது கை வீங்குவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரிந்ததா என்று. தெரிந்தது. எட்டாவது விநாடியில் கண்டேன். நிறுத்தும் பொத்தானில் விரலும் இருந்தது. இன்னும் ஒன்பது விநாடி மருந்து இருந்தது, கொஞ்சமாவது ஈரலுக்குப் போய்ச் சேரும் என்று பார்த்தேன். அந்த ஒன்பது விநாடியும் அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் போட்டிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவ்வளவு நோவென்றால் பிள்ளை சொல்லியிருக்க வேண்டும்.